செத்தவன் சொன்ன தோத்திரம்

போலந்து தேசத்தில், நாரெவ் ஆறு வளைந்து திரும்புகிற இடத்தில், யாஸ்னோவ்கா என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் ஒரே மனிதன் இரண்டு முறை செத்தான், முதல் முறை ஊர்க்காரர்களின் புத்திசாலித்தனத்தால், இரண்டாம் முறை அரசாங்கத்தின் துப்பாக்கியால், இரண்டு சாவும் அவன்மேல் சரியாக ஒட்டவில்லை. அவன் பெயர் ஸெவெரின், தொழில் ஓடம் தள்ளுவது. அவன் அப்பாவும் ஓடக்காரர்தான். நிறைமாத மனைவியை மருத்துவச்சியிடம் அக்கரைக்குக் கூட்டிப் போகும்போது நடு ஆற்றில் பிறந்த பிள்ளை என்பதால் இவன் எந்தக் கரைக்குச் சொந்தம் என்று இரண்டு கரைக்காரர்களும் வெகுநாள் சண்டை போட்டார்கள்.

ஓடத்தில் ஏறுகிறவர் பண்ணையாராக இருந்தாலும் சரி, பன்றி மேய்க்கிறவனாக இருந்தாலும் சரி, ஸெவெரின் துடுப்பை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு "இயேசு கிறிஸ்துவுக்குத் தோத்திரம்" என்பான். அந்தச் சீமையில் அதுதான் வணக்கம். கேட்டவர் "என்றென்றைக்கும், ஆமென்" என்று சொல்லியாக வேண்டும். வரப்புத் தகராறில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள்கூட இதை மட்டும் சொல்லிவிட்டுத்தான் முகத்தைத் திருப்புவார்கள். பதில் சொல்லாமல் போவது முகத்தில் துப்புவதைவிட மோசம், ஏனென்றால் துப்பினால் எதிராளி மட்டும்தான் கோபித்துக்கொள்வான், இதில் கடவுளும் சேர்ந்துகொள்வார்.

ஜெர்மன்காரர்கள் வந்தபோது ஸெவெரின் ஓடத்தைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் காட்டுக்குள் போனான், பின்னாலேயே ஊர் இளவட்டங்களும் போனார்கள், அவன் தளபதி ஆனான், அவனுக்குப் பெர்க்கோஸ் என்று மறைவுப் பெயர் வந்தது. பெர்க்கோஸ் என்றால் முக்குளிப்பான்: இங்கே மூழ்கி, நீங்கள் கல்லை ஓங்கிக்கொண்டு காத்திருக்க, எங்கேயோ கோரைக்குப் பக்கத்தில் தலையைத் தூக்குமே, அந்தப் பறவை. ஓடக்காரனைத் தேடி ஜெர்மன்காரர்கள் வீடு வீடாக ஏறியபோது ஊர் கூடி ஒரு யோசனை செய்தது. ஓடக்காரன் காய்ச்சலில் செத்துவிட்டான் என்று சொல்லி, சவப்பெட்டிக்குள் அவன் துடுப்பையும் ஆற்றுக் கற்களையும் வைத்து, மணி அடித்து, பாட்டுப் பாடி, பாதிப் பேர் நிஜமாகவே அழுது, கல்லறைத் தோட்டத்தில் புதைத்துச் சிலுவையும் நட்டார்கள். பங்குச் சாமியார் அம்ப்ரோஸி மட்டும் முனகினார்.

"உசிரோட இருக்கிறவனுக்கு இறந்தோர் பூசையா? வைக்கிற பூசை வீணாப் போகாதுப்பா. அது எங்கயாவது போய் ஒட்டிக்கும்."

முனகிக்கொண்டே பூசையையும் அவரே வைத்தார்.

போர் முடிந்தது. ஊர் அலுவலகத்தில் ஒரு படத்தைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் வேறொரு படத்தை மாட்டினார்கள். கிழக்கேயிருந்து வந்த ராணுவத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு புது அரசாங்கம் வந்தது. துப்பாக்கியை ஒப்படைப்பவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்று அறிவித்தது. நம்பி ஒப்படைத்தவர்களை லாரியில் ஏற்றினார்கள், லாரி மட்டும் திரும்பி வந்தது. பெர்க்கோஸ் மறுபடியும் மூழ்கினான்.

காட்டில் அவன் எப்படி இருந்தான் என்று கேட்டால் ஊர் வாய் ஓயாமல் சொல்லும். கைதிகளை ஏற்றிப்போன லாரியை மரத்தை வெட்டிச் சாய்த்து நிறுத்தினான், குடியானவர்களிடம் பிடுங்கிய தானியத்தை ரயில் பெட்டியிலிருந்து இறக்கித் திருப்பிக் கொடுத்தான், தன் ஆள் ஒருவன் ஒரு வீட்டில் கோழி திருடியதற்காக அவனையே அந்த வீட்டு முற்றத்தைக் கூட்டவைத்தான், காட்டுச் சிற்றாலயத்தில் ப்ரோன்கா என்கிற தையல்காரியைக் கல்யாணம் செய்துகொண்டு அவளைச் சாமியாரின் சமையல்காரிக்கு உறவுக்காரப் பெண் என்று சொல்லி ஊருக்குள் வைத்தான், அவளுக்கு ஒரு குழந்தையும் பிறந்தது. இதையெல்லாம் ஊர் சொல்லும். வாலென்டி விஷயத்தை மட்டும் சொல்லாது. ஆகவே நான் சொல்கிறேன்.

வாலென்டி தேனீ வளர்ப்பவன், அதிகம் பேசாதவன், அவன் மனைவி தெயோஃபிலா அவனுக்கும் சேர்த்துப் பேசுகிறவள். குளிர்காலத்தில் தேனீக்களுக்குச் சர்க்கரைப் பாகு வைக்காவிட்டால் கூடு கூடாகச் செத்துப்போகும். சர்க்கரையோ அப்போது அரசாங்கத்தின் கையில். வாலென்டி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அரசாங்க ஆட்களின் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தான். உள்ளே போவதைப் பார்த்தவர்கள் கிணற்றடியில் சொன்னார்கள், கிணற்றடியில் கேட்டவர்கள் மில்லில் சொன்னார்கள், மில்லில் கேட்டவர்கள் காட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள், சர்க்கரை என்கிற சொல் போகிற வழியில் எங்கோ விழுந்துவிட்டது. காட்டிக்கொடுப்பவன் என்பது மட்டும் போய்ச் சேர்ந்தது. பெர்க்கோஸின் ஆட்கள் ஒரு மத்தியானம் வாலென்டியைத் தேன்கூடுகளுக்கு நடுவிலிருந்து கூட்டிப்போனார்கள். அவன் திரும்பவில்லை.

நிஜமாகக் காட்டிக்கொடுத்தவன் வேறொருவன் என்பது கொஞ்ச நாளிலேயே தெரிந்தது. தளபதி தானே வந்தான், பட்டப்பகலில், துப்பாக்கி இல்லாமல், தெயோஃபிலாவின் படலுக்கு வெளியே நின்றான். அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவன் தொப்பியைக் கழற்றினான், தோத்திரம் சொல்ல வாயைத் திறந்தான், ஓடத்தில் ஏறிய எல்லாருக்கும் சொன்ன அந்தத் தோத்திரம் அவனுக்கு வரவில்லை. வாயை மூடிக்கொண்டு திரும்பி நடந்தான்.

"எங்க வச்சிருக்கீங்க அவரை?" என்று அவள் பின்னாலேயே ஓடினாள். "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். எடத்தை மட்டும் சொல்லு. எடுத்துட்டு வந்து கல்லறையில வைக்கணும்."

அவன் சொல்லவில்லை. சொன்னால் குழி தோண்டுவாள், குழி தோண்டினால் அரசாங்கம் கேட்கும், கேட்டால் காட்டுக்குப் போகிற பாதையெல்லாம் தெரிந்துபோகும். ஊரும் அதையேதான் அவளிடம் சொன்னது. யார் கேட்டாலும் புருஷன் மேற்கே, போருக்குப் பிறகு ஜெர்மன்காரர்களிடமிருந்து புதுசாகக் கிடைத்த நிலத்தில், வீடு பிடிக்கப் போயிருக்கிறான் என்று சொல்லச் சொன்னது. அவளும் சொன்னாள். புருஷன் செத்ததற்கு அழ முடியாமல், கறுப்பு உடுத்த முடியாமல், அவன் மேற்கே சௌக்கியமாக இருக்கிறான் என்று கடைத்தெருவில் நின்று சொன்னாள். கேட்ட ஊர்க்காரர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

பிறகு ஓர் இலையுதிர்காலக் காலையில், வைக்கோல் வயலின் ஓரத்தில், பெர்க்கோஸைச் சுட்டார்கள். குண்டு தாடையைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. அவன் யார், எந்த ஊர், யாருடைய மகன் என்று அரசாங்கத்துக்குத் தெரியாது. ஓடக்காரன் ஸெவெரின்தான் கல்லறைத் தோட்டத்தில் சிலுவையோடு படுத்திருக்கிறானே. குடும்பம் கிடைத்தால் வீட்டைக் கொளுத்தலாம், பெண்ணைச் சிறையில் போடலாம், குழந்தையை அரசாங்க விடுதிக்கு அனுப்பலாம், காட்டில் மிச்சமிருப்பவர்கள் தாமாக வெளியே வருவார்கள். ஆகவே உடலைச் சந்தைத் திடலில், அடிகுழாய்க்குப் பக்கத்தில், இரண்டு பலகைமேல் கிடத்தினார்கள். அழுகிறவரைப் பிடியுங்கள் என்று காவலர்களுக்கு உத்தரவு. அந்தக் காலத்தில் அந்தத் தேசத்தில் இது வழக்கமாக இருந்தது, பெற்ற தாய்மார்கள் பால் பாத்திரத்தோடு பிள்ளையின் உடலைத் தாண்டி நடந்து போனார்கள், பால் தளும்பாமல்.

முதலில் தாண்டியவள் ரொட்டிக்கடை பெலாகியா. கூடையைத் தூக்கிக்கொண்டு, பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு அவள் பலகை அருகே வந்தபோது, செத்தவன் அந்தப் பிய்ந்த தாடையோடு, தெளிவான குரலில், "இயேசு கிறிஸ்துவுக்குத் தோத்திரம்" என்றான்.

"என்றென்றைக்கும், ஆமென்" என்றாள் பெலாகியா.

அவள் மட்டுமா சொன்னாள்? காவலுக்கு நின்றவர்களின் அதிகாரி, லெப்டினன்ட் குபாலா, பக்கத்து மாவட்டத்துக்காரன், சிறு வயதில் பூசைக்கு மணி அடித்தவன், இப்போது கடவுள் இல்லை என்கிற ஆளும் கட்சியின் உறுப்பினன், அவன் வாயிலிருந்தும் அதே நேரத்தில் அதே பதில் வந்துவிட்டது. சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தான். காவலர்களைப் பார்த்தான், காவலர்கள் வானத்தைப் பார்த்தார்கள். பிறகு பெலாகியாவைப் பிடித்து லாரியில் ஏற்றச் சொன்னான்.

"தெரிஞ்சவனுக்குத்தானே பதில் சொல்லுவே?"

"தோத்திரத்துக்குத்தான் சொன்னேன் ஐயா, ஆளுக்கு இல்லை" என்றாள் பெலாகியா. அவளை ஏற்றிக்கொண்டு லாரி போனது, ரொட்டிக்கடை அன்றோடு மூடியது.

செத்தவன் பேசியதைப் பற்றி யாஸ்னோவ்காவில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. இறந்தோர் பூசையை முன்கூட்டியே தீர்த்துவிட்டோம், இப்போது நிஜச் சாவுக்கு மிச்சம் இல்லை, அதனால் சாவு பாதியில் நிற்கிறது என்று சமையல்காரி சொன்னாள், கேட்டவர்களுக்கு அது நியாயமாகவே பட்டது. லெப்டினன்ட் மாவட்டத் தலைமைக்கு டெலிபோன் செய்தான். பிணம் பேசுகிறது என்று இன்னொரு முறை சொன்னால் உன்னைத்தான் ஆஸ்பத்திரியில் சேர்ப்போம் என்று மறுமுனையில் சொல்லிவிட்டார்கள். ஆகவே அவனும் அதைப் பேச்சு என்று கொள்ளாமல் விசாரணைக்குக் கிடைத்த ஒத்துழைப்பு என்று கொண்டான். உடல் அழுகவில்லை. பெய்கிற மழையில் நனைந்தது, வெயிலில் காய்ந்தது, தாண்டுகிற ஒவ்வொருவருக்கும், கிழவனுக்கும் கைக்குழந்தைக்கும், காவல் மாற வருகிற சிப்பாய்க்கும், தோத்திரம் சொன்னது.

சிக்கல் பதிலில்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து பழகிய வாய்; மூளை வேண்டாம் என்பதற்குள் நாக்கு சொல்லிவிடுகிறது. சாணைக்காரன் சொல்லி மாட்டினான், சக்கர வண்டிக்காரன் சொல்லி மாட்டினான். திடலைச் சுற்றிக்கொண்டு போகலாமென்றால் இரண்டு பக்கமும் சதுப்பு, குடிதண்ணீருக்கோ அந்த ஒரே அடிகுழாய். ஊர் மறுபடியும் கூடி யோசித்தது. யாரோ வேகவைத்த உருளைக்கிழங்கைக் கண்டுபிடித்தார்கள்: திடலுக்குள் நுழைவதற்கு முன் ஒரு முழுக் கிழங்கை வாயில் அடைத்துக்கொள்ள வேண்டும், அந்தப் பக்கம் போய்த் துப்பிவிட வேண்டும். சில வாரங்களில் யாஸ்னோவ்காவே கன்னம் உப்பிய ஊராக ஆகிவிட்டது. கல்யாண ஊர்வலம்கூட கிழங்கோடு போனது. குழந்தைகளுக்கு ஏற்ற சின்னக் கிழங்கைச் சட்டைப்பையில் போட்டு அனுப்பினார்கள்.

மனசு உறுத்தியவர்கள் சாமியாரிடம் போனார்கள். அம்ப்ரோஸி பெரிய பெரிய புத்தகங்களைப் புரட்டினார், இரண்டு நாள் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் வந்து, "மனசுக்குள்ள சொல்லிக்கிட்டா போதும்" என்றார். எல்லாரும் மூச்சு விட்டார்கள். மனசுக்குள் சொன்னால் போதும் என்று யார் சொன்னாலும் மனுஷன் அதை எவ்வளவு சீக்கிரம் நம்பிவிடுகிறான் என்பதைப் பார்த்து நான் மிரண்டுபோயிருக்கிறேன். பிறகு மனசுக்குள்ளும் சொல்லாமல் விட்டார்கள். அது யாருக்கும் தெரியாது என்பதால் யாரும் கேட்கவில்லை.

கிழங்கு இல்லாமல் திடலுக்கு வந்தவள் தெயோஃபிலா ஒருத்திதான். தண்ணீர் எடுக்க வருகிற சாக்கில் வாளியைக் குழாயடியில் வைத்துவிட்டுப் பலகைக்குப் பக்கத்தில் நிற்பாள். அவள் வந்தால் செத்தவன் வாயை மூடிக்கொள்வான்.

"எங்க வச்சிருக்க அவரை?" என்று உதடு அசையாமல் கேட்பாள். "ஊருக்கெல்லாம் பேசுறியே. எனக்கு மட்டும் வாயில என்ன? உசிரோட இருக்கும்போது காரணம் சொன்னீங்க, காடு, பாதைன்னு. இப்ப என்ன காரணம்? செத்தவனுக்கு ஏதுடா பாதை?"

அவன் பேசமாட்டான். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போவாள், மறுநாள் வருவாள். பிரார்த்தனை செய்கிற பைத்தியம் என்று சிப்பாய்கள் விட்டுவிட்டார்கள். ஊர்க்காரர்களுக்கு அவள் என்ன கேட்கிறாள் என்று தெரியும்; அவள் நிற்கும்போது அவர்கள் கிழங்கை இன்னும் நன்றாக உள்ளே தள்ளிக்கொண்டு வேகமாக நடந்தார்கள்.

ஊருக்கு இருந்த கவலையெல்லாம் ப்ரோன்காவைப் பற்றித்தான். ஏனென்றால் அந்தச் சீமையில் தோத்திரம் வெளி ஆளுக்குச் சொல்வது; கூடப் படுத்து எழுந்தவளுக்கு எவனும் காலையில் தோத்திரம் சொல்வதில்லை. ஸெவெரின் செத்த பிறகும் பழக்கத்தை விடாதவன். ப்ரோன்கா தாண்டினால் அவன் சும்மா இருப்பான், சும்மா இருந்தால் போச்சு. ஆகவே அவளைச் சாமியார் வீட்டுச் சமையலறையை விட்டு வெளியே விடவில்லை. அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள், பால் கொண்டு கொடுத்தார்கள், குழந்தை அழுதால் நாலு பேர் ஓடினார்கள். புருஷன் கிடக்கிற இடத்துக்கு இருநூறு அடி தூரத்தில் அவள் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

லெப்டினன்ட் குபாலா முட்டாள் இல்லை. ஒருநாள் சவரம் செய்துகொண்டிருக்கும்போது அவனுக்கு அவன் அப்பா ஞாபகத்துக்கு வந்தார்: வயலுக்குப் போகிற வழியில் கழுதைக்காரன்வரை எல்லாருக்கும் தோத்திரம் சொன்னவர், அம்மாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பாதி முகத்தில் சோப்போடு எழுந்து வெளியே வந்து உத்தரவு போட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரிலுள்ள எல்லாப் பெண்களும் கோயில் வாசலிலிருந்து வரிசையாக, ஒவ்வொருத்தியாக, பலகையைத் தாண்ட வேண்டும். வீடுகளைச் சோதனை போட ஆள் வைத்தான்.

"கிழங்கைத் துப்ப வேண்டாம்" என்று அந்த ஞாயிற்றுக்கிழமை வரிசையைப் பார்த்துச் சொன்னான். "இன்னைக்கு எனக்கு உங்க பதில் வேண்டாம்."

அவன் தேடுவது தோத்திரம் கிடைக்காதவளை என்று அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது. வரிசை திடலுக்குள் நுழைந்துவிட்டது, ப்ரோன்கா குழந்தையோடு நடுவில் நின்றாள், பின்னால் சிப்பாய்கள். ஆண்கள் திடலின் ஓரத்தில் நின்று பார்த்தார்கள். சமையல்காரி தாண்டினாள், தோத்திரம் வந்தது. மில்காரன் மனைவி தாண்டினாள், வந்தது. அவளுடைய மகள்கள் தாண்டினார்கள், வந்தது, வந்தது. ஒவ்வொரு தோத்திரத்துக்கும் ப்ரோன்கா ஓர் அடி நெருங்கினாள். எல்லாருடைய கண்ணும் அவள்மேல் இருந்ததால் அவளுக்கு முன்னால் நின்றவளை யாரும் நினைக்கவில்லை, எப்போதுமே யாரும் நினைத்ததில்லை. தெயோஃபிலா பலகை முன் போய் நின்றாள். செத்தவன் வாயை மூடிக்கொண்டான்.

லெப்டினன்ட் கையை உயர்த்தி வரிசையை நிறுத்தினான்.

"இன்னொரு தடவை நட."

நடந்தாள். சத்தமில்லை.

"எல்லாருக்கும் சொல்றான், உனக்கு மட்டும் சொல்லலை. ஏம்மா? எங்க ஊர்லயும் பொண்டாட்டிக்கு யாரும் தோத்திரம் சொல்றதில்லை." குரலைத் தாழ்த்தினான். "நீ அவ இல்லேன்னா, அவ யாருன்னு கையைக் காட்டு. வீட்டுக்குப் போயிடலாம்."

ஒரு வாக்கியம் போதும். இவன் என் புருஷனைக் கொன்றவன், அதனால்தான் என் முகத்துக்கு நேரே பேச மாட்டான், இவன் பெண்டாட்டி எனக்குப் பின்னால் நிற்கிறாள். சொல்லியிருந்தால் அரசாங்கமே அவளுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கும். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, தெயோஃபிலாவுக்கு என்ன ஆகுமோ என்று இல்லை, அவள் என்ன சொல்லிவிடுவாளோ என்று.

அவள் ஊரைத்தான் பார்த்தாள்.

"இவன் ஏன் எனக்குச் சொல்லலைன்னு இங்க எல்லாருக்கும் தெரியும் ஐயா" என்றாள். "கேளுங்க. யாராவது சொல்லட்டும்."

லெப்டினன்ட் ஊரைப் பார்த்தான். ஊர் தரையைப் பார்த்தது. சாமியார் சிலுவையைப் பார்த்தார். அவ்வளவு கன்னங்களும் உப்பியிருந்தன, ஒன்றுகூட அசையவில்லை. அவளை இரண்டாம் முறையாக விதவையாக்கிக்கொண்டு, அதுவும் கொன்றவனுக்கே விதவையாக்கிக்கொண்டு, ஊர் நின்றது. ஒரே ஒருத்தி மட்டும் அசைந்தாள். ப்ரோன்கா குழந்தையைப் பின்னால் நின்றவளின் கையில் திணித்துவிட்டு, வாயிலிருந்த கிழங்கைக் கையில் துப்பிவிட்டு, ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தாள். கைமாறிய குழந்தை வீறிட்டது.

தெயோஃபிலா குழந்தையைப் பார்த்தாள், துப்பிய கிழங்கைப் பார்த்தாள், லெப்டினன்ட் திரும்புவதற்குள் சத்தமாகச் சொன்னாள்.

"ஆமா. நான்தான். இவன் என் புருஷன்."

திடலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அதில் துக்கம் எவ்வளவு, நிம்மதி எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, சொல்லவும் கூசுகிறது.

அப்போதுதான் செத்தவன் பேசினான். தோத்திரம் இல்லை. அத்தனை நாளில் முதல்முறையாக வேறு வார்த்தை, தலையைக் கொஞ்சம் அவள் பக்கம் சாய்த்து, இடறி இடறி.

"துறைக்கு மேற்கே. கரை இடிஞ்ச எடத்துல. வில்லோ மரத்தடியில, வேர் ரெண்டாப் பிரியுற எடத்துல."

ஏன் அப்போது பேசினான் என்பதில் ஊரில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. நன்றியால் என்பது ஒரு கட்சி. வெட்கம் தாங்காமல் என்பது இன்னொரு கட்சி, நானும் அதில்தான். லெப்டினன்டுக்கு எந்தக் கட்சியும் தேவைப்படவில்லை. புருஷன் பெண்டாட்டியிடம் இடம் சொல்கிறான், அப்படியானால் அங்கே துப்பாக்கிகளைப் புதைத்திருக்கிறார்கள். "மண்வெட்டி எடு!" என்று கத்தினான். தெயோஃபிலாவை லாரியில் ஏற்றி, காவலர்கள் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் பறந்தான்.

திடலில் ஊரும் செத்தவனும் மட்டும் இருந்தார்கள். ப்ரோன்கா பலகைக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். அவன் அவளுக்குத் தோத்திரம் சொல்லவில்லை, அவள் அவன் கிழிந்த காலரை மடித்துவிட்டாள். நாலு பேர் அவளையும் குழந்தையையும் துறைக்குக் கிழக்கே தள்ளிக்கொண்டு போய், அங்கே கட்டியிருந்த மீன்பிடிப் படகில் ஏற்றி அக்கரையில் இறக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் யாஸ்னோவ்காவுக்கு வரவேயில்லை. மற்றவர்கள் திடலைத் தாண்டி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். தாண்டிய ஒவ்வொருவருக்கும் செத்தவன் தோத்திரம் சொன்னான். காவல் இல்லை, லாரி இல்லை, கேட்க ஒரு சிப்பாய் இல்லை. யாரும் பதில் சொல்லவில்லை. பழகிவிட்டது.

கரையில் சிப்பாய்கள் வேர் பிரிகிற இடத்தில் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தெயோஃபிலாவின் கையைக் கட்டி மரத்தோரம் நிறுத்தியிருந்தார்கள். மண் ஈரமாக இருந்தது, சீக்கிரமே இறங்கியது, மண்வெட்டி எதிலும் தட்டாமல் மெத்தென்று நின்றது. தோண்டியவன் குனிந்து கையால் மண்ணை விலக்கினான், பிறகு கையை உதறிக்கொண்டு மேலே ஏறிவிட்டான். உள்ளே துப்பாக்கி இல்லை. ஒரு மனிதன் மல்லாந்து கிடந்தான். தலையில் தேன் எடுக்கிறவர்கள் போடுகிற வலைத் தொப்பி, வலை முகத்தின்மேல் இறங்கியபடியே இருந்தது. தொப்பியைக்கூடக் கழற்ற விடாமல் கூட்டிப்போயிருக்கிறார்கள். வலைக்குள் என்ன இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை.

கரையில் கூடிய கூட்டம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. சாமியார் கையை உயர்த்தப் போனவர் உயர்த்தாமல் விட்டார்.

"யாருது இது?" என்றான் லெப்டினன்ட்.

"என் புருஷன்" என்றாள் தெயோஃபிலா.

"உன் புருஷன் திடல்ல கிடக்கிறான்னு சொன்னியே!" என்று கத்தினான். "அப்ப அவன் யாரு?"

"இவரைக் கொன்னவன்."

லெப்டினன்ட் அவளைப் பார்த்தான், குழியைப் பார்த்தான், கரை முழுக்க நின்ற ஊரைப் பார்த்தான். அவனே எத்தனையோ பேரை லாரியில் ஏற்றியவன், எங்கே கொண்டுபோகிறார்கள் என்று தெரிந்தே ஏற்றியவன், தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டான்.

"இது இவங்களுக்குத் தெரியுமா?"

தெயோஃபிலா அவர்களுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு.

"எல்லாருக்கும் தெரியும்" என்றாள். "கையை அவுத்து விடுங்க ஐயா. நான் இறங்கி எடுத்துக்கிறேன்."

அவன் தானே குனிந்து கட்டை அவிழ்த்தான். அவள் பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். மேலேயிருந்து ஒரு கையும் நீளவில்லை.